கூரைக்கு முன்னால் வந்தது பூட்டு: பழங்கால மூடிய சந்தை எப்படி இயங்கியது?

இஸ்தான்புல்லின் கபாலி சார்ஷியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'உலகின் முதல் மால்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். துருக்கி மொழியில் அந்தப் பெயருக்கு 'மூடிய சந்தை' என்று பொருள். வெளிநாட்டார் கிராண்ட் பஜார் என்பார்கள். 61 தெருக்கள், ஏறத்தாழ 4,000 கடைகள், தலைக்கு மேல் வளைந்து செல்லும் கூரை. படத்தில் பார்த்தால் மால் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சந்தையில் எதுவுமே விளங்காது. ஒரே பொருளை விற்கும் ஐம்பது கடைகள் ஏன் ஒட்டி ஒட்டி இருக்கின்றன? கடைக்காரருக்கு ஏன் சுவர் சொந்தமில்லை? 'தொப்பிக்காரர் தெரு'வில் ஏன் தங்கம் விற்கிறார்கள்?

மால் என்றால் முதலில் கட்டடம், பிறகு கடைகள். இங்கே நடந்தது வேறு. முதலில் ஒரு பெட்டகம் வந்தது. அதை ஒட்டித் தெருக்கள் வந்தன. எல்லாவற்றையும் மூடிய கூரை கடைசியாகத்தான் வந்தது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை தாமே விளங்கும்.

முதலில் ஒரு பெட்டகம்

வீட்டில் விலையுயர்ந்த பொருளை எங்கே வைப்போம்? நடுக்கூடத்திலோ திண்ணையிலோ வைக்கமாட்டோம். வீட்டுக்குள் இருக்கும் அறையில், அந்த அறைக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைப்போம். ஒரு ஊரே சேர்ந்து அப்படிப் பெட்டி செய்துகொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் பெதெஸ்தன்.

பெதெஸ்தன் என்பது கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய, தடித்த சுவரும் குவிமாடக் கூரையும் கொண்ட, பூட்டக்கூடிய மண்டபம். சொல்லின் மூலம் 'பெஸ்' என்ற துணிப்பெயர்; துணி வணிகர்களின் இடம் என்று பொருள். பட்டும் நல்ல துணியும் அன்று நகைக்கு நிகரான சரக்கு என்பதால்தான் இந்தப் பெயர்.

1453இல் நகரைக் கைப்பற்றிய உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத், 1455-56 வாக்கில் இப்படி ஒரு மண்டபத்தைக் கட்டத் தொடங்கினார். 1460-61இல் அது முடிந்தது. ஜெவாஹிர் பெதெஸ்தன் என்று இன்று அழைக்கப்படும் அந்த மண்டபம் சந்தையின் நடுவில் இன்னும் நிற்கிறது. நீளவாக்கில் ஐந்து, குறுக்கே மூன்று என்று 15 குவிமாடங்கள். அவற்றை உள்ளே 8 தூண்கள் தாங்குகின்றன. ஆள் உயரத்தில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் மேலேயுள்ள சிறு திறப்புகள் வழியாக வரும், அவற்றிலும் இரும்புக் கம்பி இருக்கும். வாயில்கள் நான்குதான். இருட்டியதும் நான்கையும் பூட்டிவிட்டால் காவலர் தவிர உள்ளே யாரும் இல்லை. வங்கி இல்லாத காலத்தில் ஊரார் தங்கள் பணத்தையும் நகையையும்கூட இங்கே பெட்டிகளில் கொடுத்து வைத்தார்கள்.

இந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை 1591இல் நடந்த திருட்டு காட்டியது. பெதெஸ்தனிலிருந்து 30,000 பொற்காசுகள் காணாமல் போயின. சந்தை இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. விசாரணையில் பலர் சித்திரவதைக்கு ஆளானார்கள். கடைசியில் பணம் தரைப்பாய்க்கு அடியில் கிடைத்தது. எடுத்தவர் கஸ்தூரி விற்ற ஓர் இளைஞர். ஒரு கடையின் திருட்டுக்காக முழுச் சந்தையும் ஏன் மூட வேண்டும்? ஏனென்றால் போனது ஒரு கடையின் பணம் மட்டும் இல்லை. 'இங்கே வைத்தால் போகாது' என்ற பேச்சு போய்விட்டது, அந்தச் சந்தையின் முதலே அதுதான்.

சற்றுத் தள்ளி இரண்டாவதாக எழுந்த மண்டபத்துக்கு சந்தால் பெதெஸ்தன் என்று பெயர். இது சற்றுப் பெரியது: 20 குவிமாடம், 12 தூண். 'சந்தால்' என்பது புர்சா நகரில் நெய்த, சந்தன நிறம் கொண்ட ஒரு துணியின் பெயர். நமக்குப் பழகிய மரத்தின் பெயர் அங்கே ஒரு கட்டடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தெருக்கள் எப்படி வந்து ஒட்டிக்கொண்டன

விலைமதிப்புள்ள சரக்கு ஓர் இடத்தில் இருந்தால் வாங்குகிறவர்கள் அங்கே வருவார்கள். வருகிறவர்களை நம்பி மற்றவர்கள் வாசலில் கடை போடுவார்கள். ஜெவாஹிர் பெதெஸ்தனின் நான்கு வாயில்களின் பெயரைப் பாருங்கள்: புத்தக வணிகர் வாயில், தலைக்குல்லாய்க்காரர் வாயில், நகைத்தொழிலாளர் வாயில், பெண்கள் உடை விற்போர் வாயில். ஒவ்வொரு வாயிலுக்கும் வெளியே எந்தத் தொழில் குடியேறியதோ அதன் பெயர் வாயிலுக்கு வந்தது. வரைபடம் இல்லாமலே சந்தையின் வளர்ச்சியை இந்த நான்கு பெயர்களில் படித்துவிடலாம்.

இந்தத் தெருக்களில் முதலில் கல்கூரை கிடையாது. கடை என்பதும் இன்றைய கடை மாதிரி ஓர் அறை இல்லை. சுவரில் பதித்த அலமாரி போன்ற ஒன்று, 'தோலாப்' என்று பெயர். ஆறிலிருந்து எட்டு அடி அகலம்தான். அதன் முன்னால் மரத்திண்ணை; வணிகர் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவரும் பக்கத்தில் உட்காருவார். கண்ணாடிக் காட்சிப்பெட்டி இல்லை, விளம்பரப் பலகை இல்லை. நல்ல சரக்கு அலமாரிக்குள் இருக்கும்; கேட்டால்தான் வெளியே வரும்.

மரமும் துணியும் நெருங்கி நிற்கும் இடத்தில் தீ பிடிக்காமல் இருக்குமா? பிடித்தது, திரும்பத் திரும்பப் பிடித்தது. 1701 தீ விபத்துக்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் இரண்டு பெதெஸ்தன்களுக்கும் இடைப்பட்ட பல தெருக்களுக்குச் செங்கல் வளைவுக் கூரை வந்தது. முதல் பெதெஸ்தன் எழுந்து அதற்குள் இரண்டரை நூற்றாண்டு கடந்திருந்தது. வெயில், மழைக்காக மட்டுமே போட்ட கூரை என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கூரைக்கு முக்கியக் காரணம் தீ.

இதுவரை பார்த்தது: நடுவில் பூட்டிய மண்டபம், அதாவது பெதெஸ்தன். அதைச் சுற்றித் தொழில்வாரியாகத் தெருக்கள். தீக்குப் பயந்து பின்னாளில் போட்ட செங்கல் கூரை.

அந்தக் கூரை நிற்கும் விதம்

தட்டையான மரக்கூரை சுவரைக் கீழ்நோக்கி மட்டும் அழுத்தும். வளைவுக் கூரை அப்படி நிற்பதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டு சீட்டுகளைக் கூடாரம் போல் சாய்த்து வைத்தால் அடி விலகி விழுமே, அதே தள்ளல்தான். ஒற்றை வளைவு என்றால் அதைத் தாங்க மிகத் தடித்த சுவர் வேண்டும். வரிசையாகப் பல வளைவுகள் இருந்தால் ஒன்றின் தள்ளலை அடுத்தது எதிர்த்து நிற்கும். கூட்டத்தில் தோளோடு தோள் சாய்ந்து நிற்பது போல.

இதனால் ஒரு வசதி, ஓர் ஆபத்து. வசதி, நடுவில் மெல்லிய தூண்களே போதும். ஆபத்து, ஒரு கடைக்காரர் தன் கடையை இரண்டு சாண் அகலமாக்க நினைத்துத் தூணைச் செதுக்கினால் பாதிப்பு அவர் கடையோடு நிற்காது. தள்ளலைத் தாங்கும் சங்கிலியில் ஒரு கண்ணி இளைக்கிறது. கிராண்ட் பஜாரில் இது உண்மையிலேயே நடந்திருக்கிறது. இடத்துக்காகச் சுவரையும் தூணையும் குடைந்திருக்கிறார்கள். நிலநடுக்கம் வரும் ஊரில் இதைவிட அபாயமான வேலை வேறு இல்லை. 1894 ஜூலை 10 நிலநடுக்கத்தில் சந்தையின் பெரும்பகுதி சிதைந்தது. 1898 வரை நீண்ட பழுதுபார்ப்பில் சில பகுதிகளைக் கைவிட்டு, சந்தையையே சுருக்கிக் கட்டினார்கள்.

கூரையின் மேற்புறம் மரபாகக் காரீயத் தகடு வேய்வார்கள். காரீயம் மென்மையானது, குவிமாடத்தின் வளைவுக்கு ஏற்ப மடங்கும், துருப்பிடிக்காது. அந்தத் தகடு போய் அதன் இடத்தில் சிமென்ட் பூசினால் எடை கூடும், வெப்பத்தில் விரிந்து சுருங்கும்போது வெடிப்பு விழும், வெடிப்பு வழியே நீர் இறங்கி உள்ளே சுண்ணாம்புச் சாந்தைக் கரைக்கும்.

ஒரே தொழில் ஏன் ஒரே தெருவில்?

புதிதாகப் பார்ப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பக்கத்துக் கடையிலும் அதே பொருள் என்றால் போட்டியில் இருவரும் கெட மாட்டார்களா?

காய்கறி வாங்கப் போகிறவர் ஒற்றைக் கடை இருக்கும் மூலைக்கா போவார், இருபது கடை இருக்கும் இடத்துக்கா? இருபது கடைக்குத்தான். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கும், விலையும் தெரிந்துவிடும். தொழில் தெருவின் முதல் காரணம் இந்த எளிய கணக்கு.

இரண்டாவது காரணம் கண்காணிப்பு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது, 'லோன்ஜா' என்பார்கள். சிராக் என்ற பயிலாள், கல்ஃபா என்ற துணைத் தொழிலாளி, உஸ்தா என்ற தலைத் தொழிலாளி என்று மூன்று படிகள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகச் சங்கத்தார் முன்னிலையில் இடுப்பில் முன்துணி கட்டும் சடங்கு உண்டு. தராசு சரியா, தங்கத்தின் மாற்று சரியா, தோல் சரியாகப் பதப்பட்டதா என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலை. எல்லாரும் ஒரே தெருவில் இருந்தால் சங்கத் தலைவர் ஒரு நடை நடந்தாலே போதும். ஊரெங்கும் சிதறிக் கிடந்தால் யாரை எப்போது பிடிப்பது?

மூன்றாவது, சரக்கு மாற்று. கேட்ட அளவு கைவசம் இல்லையென்றால் பயிலாளைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி எடுத்து வரச் சொல்வார். இருவருக்கும் வியாபாரம், வாங்கியவருக்கும் அலைச்சல் இல்லை.

பேரம் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இந்தச் சந்தைகள் என்றாலே வாய்க்கு வந்த விலை என்ற எண்ணம் பரவிவிட்டது. உதுமானியர் காலத்தில் பல பொருள்களுக்கு 'நர்ஹ்' இருந்தது. நர்ஹ் என்பது அதிகாரிகள் தொழிற்சங்கத்தாரோடு கலந்து வகுத்த உச்சவிலைப் பட்டியல். அதை மீறினால் தண்டனை. பெரும் பேரம் என்ற இன்றைய தோற்றம், சங்கங்கள் தளர்ந்து சுற்றுலாப் பயணிகள் பெருகிய பிறகு வலுத்தது.

ஹான்: கண்ணுக்குத் தெரியாத பாதி

தெருவில் பார்ப்பது விற்பனை மட்டும். செய்வது எங்கே? சந்தையின் ஓரங்களில் 'ஹான்' என்ற கட்டடங்கள் இருக்கும். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் இரண்டு மாடி அறைகள், ஒரே பெரிய வாயில். மரபாகக் கீழே சரக்கும் விலங்குகளும், மேலே வெளியூர் வணிகர்களும் தங்குவார்கள். பிற்பாடு அறைகள் பட்டறைகளாயின. புர்சாவில் 1491இல் கட்டிய கோஸா ஹான் பட்டுக்கூடு வணிகத்துக்குப் பேர்போனது. 'கோஸா' என்றால் பட்டுக்கூடு.

உலை எரிக்கும் தொழில்களுக்குத் திறந்த முற்றம் வேண்டும். புகை மேலே போக வேண்டும், தீ பரவக் கூடாது. செம்புக்கொல்லர் தெரு, சந்தையை ஒட்டிய பெயாசித் பகுதியில், மூடிய கூரைக்கு வெளியே இருப்பது தற்செயல் என்று நினைக்க முடியவில்லை. சுத்தியல் ஓசை வளைவுக்குள் எதிரொலித்தால் பக்கத்தில் யாரும் பேசவே முடியாது.

ஒரு தொழிலைக் கிட்டத்தில் பார்ப்போம்: கலாய்

செம்புப் பாத்திரத்தில் புளிப்பான எதையும் சமைக்க முடியாது. செம்பு கரைந்து உணவில் கலக்கும், வயிற்றைப் புரட்டும். அதனால் உட்புறம் வேறு உலோகத்தால் மூட வேண்டும். அந்தப் பூச்சுக்குத் துருக்கியிலும் 'கலாய்' என்றே பெயர்.

தமிழில் இதை 'ஈயம் பூசுதல்' என்கிறோம். அங்கேதான் பெரிய குழப்பம். ஈயம் இரண்டு: வெள்ளீயம், காரீயம். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, உடலில் சேர்ந்துகொண்டே போகும். கூரைத் தகட்டுக்குச் சரி, சட்டிக்குள் கூடவே கூடாது.

முதல் வேலை, துலக்குதல். எண்ணெயும் கறுப்பும் போய்ச் செம்பு சிவந்து தெரிய வேண்டும். பெரிய அண்டா என்றால் பயிலாள் மணலும் சாம்பலும் துணியும் போட்டு உள்ளே ஏறி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இடமும் வலமும் திருப்பிக் காலாலேயே தேய்ப்பான். இந்தப் படியில் அவசரப்பட்டால் பிறகு எதுவும் ஒட்டாது. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

அடுத்து, கரி நெருப்பில் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். இந்தப் பெரிய இடைவெளிதான் இந்தத் தொழிலையே சாத்தியமாக்குகிறது. சூடேறியதும் நவச்சாரத் தூளைத் தூவுவார்கள். வெண்புகை கிளம்பும். நவச்சாரம் செம்பின் மேல் படிந்த மெல்லிய துருவை அரித்துச் சுத்தமான உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. அந்தக் கணமே ஈயக் குச்சியைத் தொட வேண்டும். பட்டதும் உருகும், பஞ்சு உருண்டையால் ஒரே வீச்சில் வட்டமாகத் தேய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு தண்ணீரில் முக்கினால் வேலை முடிந்தது.

சூடு போதாவிட்டால் ஈயம் திட்டுத்திட்டாகத் தடிக்கும். கூடிவிட்டால் ஈயமே துருவேறி, பளபளப்பு போய் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ மங்கும். தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. குச்சி பட்டதும் ஈயம் ஓடும் வேகத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார் உஸ்தா. பல ஆண்டுகள் பயிலாளாக இருப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வீட்டில் பயன்படுத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டியது: கலாய் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்காதீர்கள், பூச்சு உருகிவிடும். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். உள்ளே சிவப்பு தெரிய ஆரம்பித்தால் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது.

தூசியைக்கூட விற்கும் தெரு

தங்க வேலையில் அராவும்போதும் மெருகிடும்போதும் பொடி பறக்கும். அது தரையில், முன்துணியில், கை கழுவும் நீரில் போய்ச் சேரும். பட்டறையில் கூட்டிய குப்பையை யாரும் வெளியே கொட்டுவதில்லை. அதைச் சேர்த்து உலோகம் பிரிப்பது ஒரு தனித் தொழில், 'ரமாத்' என்று பெயர்.

குப்பையை எரித்துச் சாம்பலாக்குவார்கள். காந்தத்தால் இரும்புத் தூளை எடுத்துவிடுவார்கள். மிச்சத்தை அரைத்து வெங்காரம் சேர்த்து உருக்கினால் மண்ணும் துருவும் கண்ணாடிபோல் மேலே மிதக்கும். கனமான உலோகம் அடியில் தங்கும். அதில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் கலந்திருக்கும். வெள்ளியையும் செம்பையும் நைட்ரிக் அமிலம் கரைக்கும், தங்கத்தைக் கரைக்காது. ஆனால் கலவையில் தங்கத்தின் பங்கு அதிகமாக இருந்தால் அது வெள்ளியைப் போர்த்தி நிற்கும், அமிலம் உள்ளே இறங்காது. எனவே தங்கம் நாலில் ஒரு பங்காகும் வரை வெள்ளியைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி உருக்குவார்கள். பிரிக்க வேண்டிய வெள்ளியையே முதலில் சேர்க்க வேண்டியிருக்கிறது!

நகைத்தொழிலாளர் ஒரே தெருவில் இருப்பதற்கு இது நான்காவது காரணம். ஒரு பட்டறையின் குப்பையை நம்பி ரமாத்காரர் பிழைக்க முடியாது. நூறு பட்டறை அருகருகே இருந்தால் முடியும்.

சுவர் யாருடையது?

கோவிலுக்கு எழுதிவைத்த நிலத்தை விற்க முடியாது, விளைச்சல் விளக்கெரிக்கப் போகும். இஸ்லாமிய மரபில் அதற்கு ஒப்பானது வக்ஃப்: ஒரு சொத்தை நிரந்தரமாக அறத்துக்கு ஒதுக்கி, வருமானத்தை மட்டும் பயன்படுத்துவது. ஜெவாஹிர் பெதெஸ்தனின் வாடகை, மசூதியாக மாற்றப்பட்டிருந்த ஹாகியா சோஃபியாவுக்குப் போனது. 1660களில் எழுந்த, மிளகு, மசாலாப் பொருள்களின் சந்தையான மிஸ்ர் சார்ஷி, அதன் பக்கத்திலுள்ள புதிய மசூதியின் செலவுக்காகவே கட்டப்பட்டது. சந்தை வளர்ந்தால் பள்ளிவாசலும், அதைச் சார்ந்த அறச்செலவுகளும் நடக்கும். வாடகை தேவைப்படுவதால் கட்டடம் இடிந்தாலும் மறுபடி எழுப்ப ஓர் ஆள் எப்போதும் இருந்தார்.

அப்படியானால் கடைக்காரரிடம் இருந்தது என்ன? 'கெதிக்' என்ற உரிமை. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட தொழிலைச் செய்ய ஒருவருக்குள்ள அனுமதியும் அங்குள்ள கருவிகளும் சேர்ந்தது கெதிக். இதைத் தொழில் தெரிந்த வாரிசுக்குத் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆக ஒரே கடையில் மூன்று உடைமைகள்: சுவர் அறக்கொடைக்கு, தொழிலுரிமை உஸ்தாவுக்கு, சரக்கு அதில் முதல் போட்டவருக்கு. மால் ஒப்பீடு முழுதாக உடைவது இங்கேதான். எந்தக் கடை எங்கே என்று முடிவுசெய்யும் ஒற்றை முதலாளி இந்தச் சந்தையில் இருந்ததே இல்லை.

மற்ற ஊர்களில்

பெயர்கள் மாறும், உறுப்புகள் பெரும்பாலும் இவைதான். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஈரானின் தப்ரீஸ் சந்தையில் தெருவுக்கு ராஸ்தே, முற்றக் கட்டடத்துக்கு சரா, விலையுயர்ந்த சரக்கின் குவிமாட மண்டபத்துக்கு தீம்சே. முஸஃபரியே தீம்சேயில் கம்பளம்தான் சரக்கு. உஸ்பெகிஸ்தானின் புகாராவில் தெரு சந்திக்கும் இடங்களுக்கு மட்டும் 16ஆம் நூற்றாண்டில் குவிமாடம் போட்டார்கள்: ஒன்று பொற்கொல்லருக்கு, ஒன்று தொப்பி விற்போருக்கு, ஒன்று காசு மாற்றுவோருக்கு. சிரியாவின் அலெப்போவில் தெருக்களின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் போரின் நடுவே அதன் பெரும்பகுதி எரிந்துபோனது.

தொழில் போன பிறகு நிற்கும் பெயர்

ஐரோப்பிய ஆலைத்துணி மலிவாக வந்து இறங்கியபோது சந்தால் பெதெஸ்தனின் துணி வணிகர்கள் நொடித்துப் போனார்கள். 1914இல் அந்த மண்டபம் நகராட்சி கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் அங்கே கம்பள ஏலம் நடந்தது. கட்டடம் தொழிலை மாற்றிக்கொண்டது, பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. சந்தையின் நீண்ட தெருவான கல்பக்சிலாரும் அப்படித்தான். 'கல்பக்' என்றால் ரோமத் தொப்பி. தொப்பி செய்வோர் போய், இன்று அந்தத் தெருவின் இருபுறமும் தங்க நகைக் கடைகள்.

ஆகவே இந்தச் சந்தையின் வரைபடம் கையில் கிடைத்தால் இரண்டு முறை படியுங்கள். தெருப்பெயர்களில் இருப்பது பழைய சந்தை: மெத்தை தைப்போர், செருப்புக்காரர், தொப்பிக்காரர். கடைப்பலகைகளில் இருப்பது இன்றைய சந்தை. இரண்டும் இன்னும் ஒத்துப்போகும் இடம் தேடினால், கண்ணாடி மின்னும் பெரிய தெருவை விட்டு விலகி ஒரு ஹானின் மாடிப்படி ஏற வேண்டும். அங்கே அரம் உரசும் சத்தம் கேட்கும். அரத்துக்குக் கீழே, விழும் பொடியைப் பிடிக்க மேசையோடு சேர்த்துக் கட்டிய ஒரு தோல் விரிப்பு இருக்கும்.